விளையாட்டும் மௌனமும்: ஆரம்பக் கல்வியில் உளநலச் சிந்தனையின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கடந்த சில ஆண்டுகளாக நமது ஆரம்பப் பாடசாலைகளிலே புதிய சொற்கள் சில வழங்கத் தொடங்கியுள்ளன. உளநலம், சமூகத் திறன், உளவிழிப்புப் பயிற்சி என்பன அவற்றுட் சில. ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளிலும், அரசு சாரா நிறுவனங்கள் வெளியிடும் கைந்நூல்களிலும் இச்சொற்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. பிள்ளைகளை வட்டமாக இருத்தி, விளையாட்டின் வாயிலாக ஒத்துழைத்தல், செவிமடுத்தல், விட்டுக்கொடுத்தல் முதலிய பண்புகளைப் பழக்குவதும், சில நிமிட நேரம் கண்களை மூடி மூச்சைக் கவனிக்கச் செய்வதும் இவற்றின் நடைமுறையாகும். பிரம்பையே பிரதான போதனா சாதனமாகக் கொண்டிருந்த ஒரு மரபிலே இவை வரவேற்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயின், இவற்றை முன்வைப்போர் இரண்டு விடயங்களை வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ கூறுகின்றனர். இவை புதியவை என்பது ஒன்று. இவை எந்தச் சமூக நிலைமையிலும் ஒரேமாதிரிப் பயன்படுத்தக்கூடிய நடுநிலையான உத்திகள் என்பது மற்றொன்று. வரலாறு இவ்விரண்டையும் ஆதரிக்கவில்லை. விளையாட்டும் மௌனமும் பாடசாலைக்குள் நுழைந்த ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், பிள்ளையை விடுவிக்கும் நோக்கும் பிள்ளையைப் பணியவைக்கும் நோக்கும் ஒரே வாயிலால் ஒன்றாகவே நுழைந்துள்ளன. எது மேலோங்கியது என்பதை உத்தி தீர்மானிக்கவில்லை. சமூக உறவுகளே தீர்மானித்தன. இதனைச் சில உதாரணங்கள் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

ஸ்கொட்லாந்திலே கிளைட் ஆற்றங்கரையில் அமைந்த நியூ லனாக் பருத்தி நூற்பாலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவ்வாலையின் முகாமைக்கு 1800 ஆம் ஆண்டிலே வந்த றொபேட் ஓவன், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதை நிறுத்தினார். 1816 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, குணவார்ப்புக்கான நிறுவகம் எனப் பெயரிட்ட கட்டடத்தைத் திறந்து, அதிலே தொழிலாளரின் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியையும் நடத்தினார். அதற்கு அவர் தெரிந்தெடுத்த ஆசிரியர் இருவர்: ஒருவர் எழுத்தறிவு சொற்பமாகவே உடைய நெசவாளி, மற்றவர் பதினேழு வயதான ஆலைத் தொழிலாளிப் பெண். பிள்ளைகளை அடித்தல் ஆகாது, கடுஞ்சொற் சொல்லல் ஆகாது, நூல்களைக் காட்டி அவர்களை வருத்தலும் ஆகாது என்பன அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகள். விளையாட்டுத் தோழரை மகிழ்விக்க இயன்றதெல்லாம் செய்யவேண்டும் என்பதே பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்ட முதற் பாடம். ஆடல், பாடல், வெளியிலே ஓடித் திரிதல் என்பன நாளின் பெரும்பகுதியை நிறைத்தன. இன்று சமூகத் திறன் எனப் பேசப்படுவதன் கரு முழுவதும் இங்கே உண்டு. பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப மனமின்றி நின்றனர் என ஏங்கெல்ஸ் பின்னர் எழுதியபொழுது, குழந்தைப் பள்ளிகளின் தாபகர் என ஓவனைப் பாராட்டினார். ஓவன் காட்டியவாறு எதிர்காலக் கல்வியின் வித்து ஆலைமுறையிலிருந்து முளைத்தது என்று மூலதனத்தின் முதலாம் பாகத்திலே மார்க்ஸ் குறிப்பதும் நாம் அறிந்ததே.

ஆயினும் அதே ஆலையிலே, அதே மனிதரால் அறிமுகஞ் செய்யப்பட்ட வேறொரு பொருளும் இருந்தது. நான்கு பக்கங்களிலும் நான்கு நிறந் தீட்டிய சிறு மரக்கட்டையொன்று ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் தொங்கவிடப்பட்டது. முந்திய நாளின் நடத்தை தீயதாயின் கறுப்பு, சுமாராயின் நீலம், நன்றாயின் மஞ்சள், மிக நன்றாயின் வெள்ளை முன்பக்கம் திரும்பியிருக்கும். நிறங்கள் நாடோறும் ஏட்டிலே பதியப்பட்டன. அடியுமில்லை, வசையுமில்லை, கட்டையின் நிறமே போதுமானதாயிருந்தது. இதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழிலே மௌனக் கண்காணி எனலாம். மலையகத்து வாசகர்க்கு இச்சொல் வேறு ஒலியோடு கேட்கும். மரக்கட்டை வாய் திறந்து ஏசவில்லை என்பதைத் தவிர, கங்காணிக்கும் அதற்குமிடையே தொழில் வேறுபாடு அதிகமில்லை. ஓவனின் நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. ஆனால் கீழ்த்தளத்துப் பிள்ளை விளையாட்டாகக் கற்ற தன்னடக்கத்தையே மேல்தளத்துத் தாய் நிறக்கட்டையின் முன் தினமும் ஒப்புவிக்க வேண்டியிருந்தது என்பதை அந்த நேர்மை மறைத்துவிடக் கூடாது.

ஓவனின் காலத்திலே இங்கிலாந்திலும் கொலனிகளிலும் மிக விரைவாகப் பரவியது வேறொரு முறையாகும். அதன் பிறப்பிடம் சென்னை. எழும்பூரிலிருந்த படையினரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்கு 1789 இல் பொறுப்பாளராக வந்த அந்திரு பெல் பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பதையுங் கண்டார். நமது சட்டாம்பிள்ளை அவரோடு கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றான் எனலாம். ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவிலே கற்பிக்கும் இயந்திரமாக அங்கே அது மாற்றப்பட்டது. பின்னர் மிஷனரிமார் வாயிலாக ஆசியாவுக்கே மீண்டும் வந்துசேர்ந்தது. இம்முறையிலே விளையாட்டுக்கு இடமில்லை. மௌனத்துக்கு நிரம்ப இடமுண்டு. அது கட்டளையிடப்பட்ட மௌனம். திண்ணைப் பள்ளியை ஒரு பொற்காலமாக நினைவுகூர்வோர் நம்மிடையே இன்றும் உளர். எண்சுவடியும் நீதிநூலும் அங்கே திறம்படக் கற்பிக்கப்பட்டன என்பது மெய். கோதண்டமும் அண்ணாந்தாளும் அங்கே தண்டனைகளாக இருந்தன என்பதும் மெய். அவ்விரு மெய்களையும் விஞ்சிய மூன்றாவது மெய், திண்ணையிலே ஏறும் உரிமை யாருக்கு இருந்தது என்பதாகும்.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்துச் சம ஆசனப் போராட்டத்தைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற் கூற்றிலே, அரச உதவி பெற்ற பாடசாலைகளிலேகூட, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கிலே அமர அனுமதிக்கப்படவில்லை. நிலத்திலோ விறாந்தையிலோ அவர்கள் இருந்தனர்; பல பாடசாலைகளில் அனுமதியே கிடைக்கவில்லை. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தியது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென அரசு பணித்தபொழுது, உயர்சாதியினரிடமிருந்து எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மனுக்கள் எழுதப்பட்டன, பிள்ளைகள் பாடசாலையினின்று நிறுத்தப்பட்டனர், பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஒரு வாங்கிலே இரு பிள்ளைகள் அருகருகே இருப்பதற்காகக் கூரைகள் எரிந்த ஒரு சமூகத்திலே, கூடி விளையாடுதல் என்பது போதனா முறை பற்றிய விடயமாக மட்டும் இருந்திருக்க முடியாது. பாரதியின் பாப்பாப் பாட்டு விளையாட்டிலே தொடங்கிச் சாதி மறுப்புக்கு வந்து சேர்கிறது. அவ்வரிசை தற்செயலானதன்று என்றே எண்ணுகிறேன். நம் பாடசாலைகள் அப்பாடலின் தொடக்கத்தை விழாமேடைகளிலே பாடவைத்தன. அதன் பிற்பகுதியைப் பாடநூலிலேயே விட்டுவிட்டன.

விளையாட்டை ஆட்சியாளர் அஞ்சிய காலமும் உண்டு. ஜேர்மனியிலே பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் 1837 இல் குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய புறோபல், 1840 இல் அதற்குக் குழந்தைத் தோட்டம் எனப் பெயரிட்டார். பந்தும் மரக்கட்டைகளும் வட்டமாக நின்றாடும் ஆட்டங்களுமே அங்கே பாடத்திட்டம். 1848 இன் புரட்சிகள் தோல்வியுற்ற பின்னர், 1851 இலே பிரஷ்ய அரசு அத்தோட்டங்களைத் தடைசெய்தது. சோசலிசத்தையும் நாத்திகத்தையும் குழந்தைகளிடத்தே விதைக்கின்றன என்பது குற்றச்சாட்டு. அரசியற் கருத்துகளுக்காக அறியப்பட்ட அவருடைய உறவினர் ஒருவரோடு அவரைக் குழப்பிக்கொண்டமையும் தடைக்குக் காரணமாயிற்று. ஆழ்ந்த இறைப்பற்றாளரான புறோபல் மறு ஆண்டு இறந்தார்; தடை 1860 இலேயே நீங்கியது. அதிகாரிகள் ஆளைத் தவறாக விளங்கிக்கொண்டனர். ஆனால் பணிதலன்றித் தாமே விதி வகுத்து விளையாடப் பழகிய பிள்ளைகள் வளர்ந்தபின் எத்தகைய குடிகளாவர் என்ற அவர்களது அச்சம் முற்றிலும் பிழையானதெனச் சொல்லமுடியாது.

மௌனத்தை விளையாட்டாக்கியவர் மரியா மொண்டிசோரி. அவரது முதற் குழந்தைகள் இல்லம் 1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள் றோமாபுரியின் தொழிலாளர் குடியிருப்பான சான் லொறென்சோவிலே திறக்கப்பட்டது. அதனை அமைக்க முன்வந்தது கல்வித் திணைக்களமன்று; அக்குடியிருப்புகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்ட கட்டட நிறுவனமே. பெற்றோர் வேலைக்குச் சென்ற வேளையிலே தனித்து விடப்பட்ட சிறுவர் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பழுதாக்கினர். அவர்களை ஓரிடத்திலே வைத்திருப்பது திருத்தச் செலவிலும் மலிவு. நவீன குழந்தைக் கல்வியின் புகழ்பெற்ற அத்தியாயமொன்று சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவுக் கணக்கிலே தொடங்குகிறது.

அவ்வில்லத்திலே ஒருநாள் மொண்டிசோரி நான்கு மாதக் குழந்தையொன்றைக் கையிலேந்தி வந்து, அது எவ்வளவு அசைவின்றி, எவ்வளவு மெதுவாக மூச்சுவிடுகிறது என்று காட்டினார். பிள்ளைகளும் அவ்வாறிருக்க முயன்றனர். அறையிலே மணிக்கூட்டின் ஒலி கேட்கத் தொடங்கியது. பின்னர் அதனை அவர் முறையான பயிற்சியாக்கினார்: பிள்ளைகள் அசையாதிருப்பர், ஆசிரியை அடுத்த அறைக்குச் சென்று ஒவ்வொருவரின் பெயரையும் இரகசியக் குரலில் அழைப்பார், பெயர் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து அவரிடம் செல்லும். பெல்லின் மௌனத்துக்கும் இம்மௌனத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. இங்கே மௌனம் பிள்ளைகள் எல்லோருங் கூடி ஆக்கும் ஒரு பொருள். ஒருவர் அசைந்தாற் குலைந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே மொண்டிசோரி சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சிநெறி நடத்தினார். அதன் பின்னர் நம் நாட்டிலே அவர் பெயருக்கு நேர்ந்தது விசித்திரமானது. சான் லொறென்சோத் தொழிலாளரின் பிள்ளைகளிடத்தே பிறந்த முறையின் பெயர், நகரத்து நடுத்தர வர்க்கத்தார் கட்டணஞ் செலுத்தி அனுப்பும் பாலர் பாடசாலையைக் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. தோட்டத்துத் தொழிலாளியின் குழந்தைக்கோ பிள்ளைக் காம்பராவே கிடைத்தது. அங்கே ஓர் ஆயாவும் தொட்டிற் சீலைகளும் இருந்தன. கொழுந்து நிறுத்து முடிந்து தாய் வரும்வரை குழந்தையைக் காப்பதே அதன் பணி.

விளையாட்டின் உளவியலை வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கிலே ஆராய்ந்தவர்களுள் வைகோட்ஸ்கி தலையாயவர். 1933 இலே லெனின்கிராட்டில் அவர் நிகழ்த்திய விரிவுரை, விளையாட்டு என்பது விருப்பம்போல் நடத்தல் என்ற பொதுக் கருத்தை மறுத்தது. விதியில்லாத விளையாட்டு இல்லை. உடனடி விருப்பத்தை அடக்கி விதிக்குத் தானே கட்டுப்படும்பொழுது பிள்ளை உயர்ந்த இன்பத்தை அடைகிறது என்பது அவர் வாதம். சகோதரிகளாகவே இருக்கும் இருவர் சகோதரிகள் போல விளையாடும்பொழுது, அன்றாட வாழ்விலே தாம் கவனியாத அவ்வுறவின் விதிகளை முதன்முறையாக உணர்கின்றனர் என்ற உதாரணத்தையும் அவர் கையாண்டார். வைகோட்ஸ்கி மறு ஆண்டே காசநோயால் இறந்தார். குழந்தையியல் ஆய்வுகளைக் கண்டித்துச் சோவியத் கட்சி 1936 இல் இயற்றிய தீர்மானத்தின் பின்னர் அவரது எழுத்துகள் இருபதாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டன. இவ்விரிவுரை 1966 இலேதான் அச்சேறியது. மார்க்சியத்தின் பெயராலேயே மார்க்சிய உளவியலின் மிகச் சிறந்த பக்கங்கள் மூடிவைக்கப்பட்டன என்பதை மார்க்சியர் மறைக்கவேண்டியதில்லை.

இவ்விளக்கத்தை நம் முற்றத்து விளையாட்டுகள் நன்கு உறுதிசெய்கின்றன. கிளித்தட்டிலே நடுக்கோட்டிற் கிளி ஓடும்; குறுக்குக் கோடுகளை மற்றவர் காப்பர்; கோட்டைவிட்டுக் கால் பெயர்ந்ததா இல்லையா என்பதைத் தீர்ப்பதற்கு நடுவர் எவருமில்லை. வழக்கு எழும், சிலவேளை விளையாட்டு நேரத்தின் பாதி வழக்கிலேயே போகும். அந்த வழக்கே சமூகத் திறன் என்பதைக் கைந்நூல் எழுதுவோர் கவனிப்பதில்லை. கொக்கான் வெட்டும் சிறுமியர் கல் அசைந்ததா எனத் தமக்குள்ளே வாதாடித் தாமே முடிவுக்கு வருவர். இடப்பெயர்வு ஆண்டுகளிலே ஓலைக் கொட்டிலிற் படித்த எம் தலைமுறைக்குப் புத்தகமும் வாங்கும் இல்லாதிருந்தன. கல்லும் கோடும் இருந்தன. எனினும் எமது பாடசாலை முற்றத்திலே குறிப்பிட்ட ஒழுங்கையிலிருந்து வந்த பிள்ளைகள் எந்தக் கட்சியிலும் சேர்க்கப்படவில்லை. அதனை எவரும் கட்டளையிடவில்லை. அதுவும் ஒரு விதியே. பெரியோரிடமிருந்து நாம் விளையாட்டாகக் கற்றுக்கொண்ட விதி. நாட்டார் விளையாட்டு என்றவுடன் உள்ளம் நெகிழ்ந்துவிடும் ஆய்வாளர் இதனையும் பதிவுசெய்தல் வேண்டும்.

இனி, உளவிழிப்பு என்ற சொல்லின் பயணத்தைப் பார்ப்போம். இலங்கையோடு அதற்குள்ள தொடர்பு ஆழமானது. பாளி மொழியிலே சதி என வழங்கும் சொல்லை 1881 இல் ஆங்கிலப்படுத்தி, இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சொல்லை நிலைபெறச் செய்தவர் றைஸ் டேவிட்ஸ். இலங்கைக் குடியியற் சேவையிலே கடமையாற்றியபொழுது பாளி கற்றவர். ஜேர்மனியிலே யூதக் குடும்பத்திற் பிறந்து, 1936 இல் இலங்கைக்கு வந்து துறவியான ஞானபொனிக தேரர், பௌத்த தியானத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1954 இலே கொழும்பில் வெளியாகி மேற்குலகிலே பரவலாக வாசிக்கப்பெற்றது. 1979 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலே ஜோன் கபற்-சின், நாட்பட்ட நோயினால் வருந்துவோருக்கான எட்டு வாரப் பயிற்சியாக இதனை மாற்றியமைத்தார். மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கும் படைமுகாமுக்கும் பின்னர் பாடசாலைக்கும் அது சென்றது. இலங்கையிலும் 2016 இல் உடஈரியகம தம்மஜீவ தேரர் தொடக்கிய சதி பாசல இயக்கம், சமயப் பிரசாரமன்றி உளப்பயிற்சியாகவே இதனைப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்வதாகக் கூறுகிறது. கண்டிக் காட்டிலிருந்து புறப்பட்ட சொல், அமெரிக்க மருத்துவமனை வழியாக மீண்டும் நம் வகுப்பறைக்கு வந்துள்ளது.

வரும் வழியிலே அச்சொல் எதனை இழந்தது என்ற வினா இலக்கிய மாணவனுக்கு இயல்பாக எழுவது. சதி என்பது வடமொழி ஸ்மிருதியின் பாளி வடிவம். நினைவு என்பது அதன் அடிப்படைப் பொருள். எண்வகை மார்க்கத்தின் இவ்வுறுப்பைத் தமிழிலே நற்கடைப்பிடி என மொழிபெயர்த்துள்ளனர். கடைப்பிடி என்ற சொல்லுக்கு உறுதி என்ற பொருளோடு மறவாமை என்ற பொருளும் உண்டு என்பதால், இம்மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமானதாகும். இன்றைய கைந்நூல்களோ நேற்றை விடு, நாளையை விடு, இக்கணத்தில் மட்டும் இரு என்று கூறுகின்றன. மறவாமை என்று பொருள்தந்த சொல் மறத்தலுக்கான பயிற்சியின் பெயராகிவிட்டது. நிம்மதியான வாழ்வுடைய நாடொன்றிலே இதனாற் பெருங்கேடு இல்லை. காணாமலாக்கப்பட்ட தந்தையின் படத்துக்கு முன்னால் நாடோறும் விளக்கேற்றும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் இதனைக் கூறும்பொழுது நாம் எதனைக் கேட்கிறோம் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

உத்தி பயனற்றது என்பது எம் வாதமன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே நல்நடத்தை விளையாட்டு என்ற முறை முதன்முதலாக ஒரு நான்காம் வகுப்பிலே பரீட்சிக்கப்பட்டு, அதன் முடிவு 1969 இல் வெளியாயிற்று. வகுப்பு இரு அணிகளாகும். அனுமதியின்றி இடத்தைவிட்டு எழுந்தாலோ பேசினாலோ அணிக்கு எதிராகப் புள்ளி. குறைந்த புள்ளி பெற்ற அணிக்குச் சலுகை. குழப்பம் வெகுவாகக் குறைந்தது. 1980 களின் நடுப்பகுதியிலே பால்ரிமோர் நகரத்து முதலாம் வகுப்புகளில் இதனை விளையாடிய பிள்ளைகள், வளர்ந்தபின் போதைப்பொருளுக்கு அடிமையாதல் குறைவாயிருந்தமையும் அறியப்பட்டது. இதனை ஏளனஞ் செய்தல் தகாது. ஆயினும் நியூ லனாக்கின் நிறக்கட்டை நினைவுக்கு வராமலும் இல்லை: இங்கே விதியைப் பிள்ளைகள் வகுக்கவில்லை, அதைப் பற்றி வழக்காடவும் முடியாது. உளவிழிப்புப் பயிற்சியைப் பொறுத்தமட்டில், பிரித்தானியாவிலே இடைநிலைப் பாடசாலை மாணவர் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2022 இல் வெளியாயிற்று. வழமையான உளநலப் பாடங்களைவிட அது மேலான பயனைத் தரவில்லை. மாணவர் பலர் வீட்டிலே பயிற்சி செய்யவுமில்லை. ஆரம்பப் பிள்ளைகளுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவது சரியன்று. எல்லாருக்கும் ஒரே மருந்து என்ற நம்பிக்கை குலைந்துள்ளது என்பது மட்டும் தெளிவு.

வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திலே இதற்கு மாறான அனுபவங்கள் சில திரண்டன. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய ஆண்டுகளில், மந்திர செபம், செபமாலை, திக்ர், ஆனாபானசதி எனப் பல்வேறு சமூகத்தவரின் சொந்த மரபிலுள்ள அமைதிப் பயிற்சிகளைச் சிகிச்சையிலே சேர்த்துக்கொண்டதோடு, துயரம் தனிமனிதரின் நோய் மாத்திரமன்று, சமூகத்தின் காயம் என்பதையும் வற்புறுத்தினார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் கூடி விளையாடு பாப்பா முதலிய சிறுவர் நாடகங்களும், சி. மௌனகுருவின் தப்பி வந்த தாடி ஆடும் பாடசாலை அரங்கிலே விளையாட்டையும் சமூக விமர்சனத்தையும் இணைத்தன. 1990 இலே தமிழ், முஸ்லிம் கிராமங்கள் இரண்டிலும் படுகொலைகள் நிகழ்ந்த மட்டக்களப்பில், 1996 இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். இரு சமூகத்துப் பிள்ளைகளையும் பேருந்தொன்று ஏற்றிவரும். களிமண், வர்ணம், கதை, பாட்டு, விலங்குகள், மரநிழல் என்பனவே அங்கே உபகரணங்கள். பிள்ளைகளின் கதைகளை மறக்கச் சொல்லாது, அவற்றை வேறு உருவிலே சொல்ல இடமளித்தமையே இதன் சிறப்பு. பூங்காவுக்கு வெளியே நிலமும் ஆயுதமும் அதிகாரமும் இருந்தபடியே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பாடசாலைக்குத் திரும்புவோம். 1998 இல் கம்பகாவிலும் 1999 இல் நாடெங்கும் முதலாம் வகுப்பிலே நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் கற்றல் முறைகளாக ஏற்றுக்கொண்டது. கீழ் வகுப்பிலே விளையாட்டு மிகுதி. மேலே செல்லச் செல்ல எழுத்துவேலை மிகுதி. எழுத்திலே இது நல்ல திட்டம். ஆனால் ஐந்தாம் வகுப்பின் வாசலிலே புலமைப்பரிசிற் பரீட்சை காத்திருக்கிறது. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு இணைந்து, கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குச் செல்வதற்குத் திறக்கப்பட்ட அக்கதவு, இன்று மூன்று இலட்சமளவான பத்து வயதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் தரம்பிரிக்கும் பொறியாகியுள்ளது. மூன்றாம் வகுப்பிலேயே தனியார் வகுப்புத் தொடங்குகிறது. மாலை விளையாட்டு முதலில் மறைகிறது. காலையிலே ஐந்து நிமிடம் கண்மூடி அமைதியடைந்த பிள்ளைக்கு அடுத்த பாடவேளையிலே மாதிரி வினாத்தாள் வழங்கப்படுகிறது. தோட்டப் பகுதியில் நிலைமை இன்னும் கூர்மையானது. 2016 ஆம் ஆண்டின் மக்கட்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமின்றி இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாட்டிலே ஏறத்தாழ 17 சதவீதம்; தோட்டங்களிலே ஏறத்தாழ 32 சதவீதம். அப்பிள்ளைகள் பாடசாலைக்கு வந்து கவனஞ் சிதறி இருந்தால், மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்கு முன் கவனிக்கவேண்டியது உணவையே.

2011 ஆம் ஆண்டு, மீள்குடியேற்றம் நடந்த வன்னிக் கிராமமொன்றிலே சில மாதங்கள் தொண்டராசிரியனாக இருந்தேன். பயிற்சிப் பட்டறையிலே கற்றபடி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்மூடி இருக்கச் சொன்னேன். நான்கைந்து பேர் மூடவில்லை. மீண்டுஞ் சொன்னேன், ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அவ்வகுப்பின் ஆசிரியை என்னைவிட அனுபவம் மிக்கவர். கண்மூட விரும்பாதவர் கொட்டில் வாசலிலே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். அச்சிறுமியும் இன்னொருவனும் வாசலிலே நின்றனர். மற்றவர்கள் கண்களை மூடினர். மறுநாள் யார் வாசலில் நிற்பது என்பதில் வழக்கு ஏற்பட்டது. இருவர் இருவராக முறைவைத்து நிற்பதெனவும், முதல்நாள் நின்றவர் மறுநாள் உள்ளே இருப்பதெனவும் பிள்ளைகளே தீர்மானித்தனர். ஏறத்தாழ இரண்டு வாரத்தின் பின்னர் அச்சிறுமி தன் முறை வந்தபொழுது உள்ளே அமர்ந்தாள். கண்களை முழுதாக மூடவில்லை. வாசலில் நின்ற இருவரையும் பார்த்தபடி இருந்தாள்.